நாற்காலி மட்டும் போதாது, கையெழுத்தும் வேண்டும்

2020 அக்டோபரில் வெளியான அந்தப் படத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் கடலூர் மாவட்டத்தின் தெற்குத் திட்டை ஊராட்சி. துணைத் தலைவரும் உறுப்பினர்களும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தேர்தலில் வென்ற தலைவர், ஒரு ஆதிதிராவிடப் பெண், தரையில் உட்கார்ந்திருக்கிறார். படம் பரவிய பிறகுதான் வழக்கும் கைதும் வந்தன. படம் எடுக்கப்படாமல் இருந்திருந்தால் அவர் தரையிலேயேதான் இருந்திருப்பார்.

இதை ஏதோ ஒரு ஊர்க் கதையாக முடித்துக்கொள்ளக் கூடாது என்கிறோம். அதே ஆண்டு சுதந்திர தினத்தில் கும்மிடிப்பூண்டி பக்கம் ஆத்துப்பாக்கத்தில் தலித் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. ஐந்து நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் நேரில் போய்த்தான் ஏற்ற வைத்தார். 1997இல் மேலவளவில் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் பத்து ஆண்டுகள் தேர்தலையே நடக்க விடவில்லை. வெட்டுவது, தடுப்பது, தரையில் உட்கார வைப்பது என்று வழி மாறியிருக்கிறதே தவிர, "நீ எங்களை ஆளக் கூடாது" என்ற பேச்சு மாறவில்லை.

ஊராட்சித் தலைவர் நாற்காலி என்றால் என்ன என்பது விருத்தாசலத்துக்காரர்களான நமக்குத் தெரியாததல்ல. பக்கத்தில்தான் புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலையில் கண்ணகியையும் முருகேசனையும் விஷம் ஊற்றிக் கொன்றபோது, கண்ணகியின் தந்தைதான் அங்கே ஊராட்சித் தலைவர். தீர்ப்பு வர 18 ஆண்டுகள் ஆயின. போலீஸ்காரர்களும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆதிக்க சாதியின் கையில் இருந்தால் அந்த நாற்காலிக்கு ஊரே நடுங்குகிறது, காவல் நிலையம் கண்ணை மூடிக்கொள்கிறது. அதே நாற்காலி சேரிக்கு வந்தால் வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது. எப்படி?

பதில் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. ஆனால் ஊராட்சிப் பணத்தை எடுக்க இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். நம் ஊர் தொழிற்பேட்டையில் செய்யும் பீங்கான் இன்சுலேட்டர் மாதிரிதான் அந்த இரண்டாவது கையெழுத்து. கம்பி இருக்கும், கரண்ட் அந்தப் பக்கம் போகாது. குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் தலைவர் துணைத் தலைவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அப்புறம், "அவருக்கு நிர்வாகம் தெரியவில்லை" என்று ஊர் பேசும்.

ஆளும் கட்சிகள் என்ன செய்தன? அதிமுக ஆட்சியில் 2016 முதல் 2019 வரை உள்ளாட்சித் தேர்தலே இல்லை. திமுக ஆட்சியில், 2025 ஜனவரி 5ஆம் தேதி நம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். சமூகநீதி மேடைகளில் இரண்டு கட்சிகளுக்கும் குரல் குறைவதில்லை. தரையில் உட்கார வைத்தவர்கள்தான் நாளை அவர்களுக்கு பூத் பார்ப்பவர்கள். அந்த ஓட்டுக் கணக்கில் நாம் கழிக்கப்படுகிறோம்.

நாம் கேட்பது சலுகை அல்ல. தலித் தலைவர் உள்ள ஊராட்சியில் துணைத் தலைவர் முடக்கினால், குறித்த நாளுக்குள் வேறு உறுப்பினருக்குக் கையெழுத்து அதிகாரம் போக வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சிப் பிரதிநிதியின் பணியைத் தடுப்பதே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எம்) பிரிவின்படி குற்றம். புகார் வந்தால் அந்தப் பிரிவைப் போட்டே வழக்குப் பதிய வேண்டும். சமாதானக் கூட்டம் வேண்டாம்.

மாணவத் தோழர்களே, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். விடுமுறை என்று விடுதியில் தூங்காமல் ஊருக்குப் போங்கள். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லுங்கள். தெற்குத் திட்டையை வெளியே கொண்டுவந்தது ஒரு படம்தான். அடுத்த படத்துக்காகக் காத்திருக்காமல் நாம் முதலிலேயே அங்கே இருப்போம்.

ஜெய் பீம்!