கடலுக்கும் ஒரு துண்டு முறையா?

வேலையை விட்டு நீங்கிய கூலியாளுக்குச் சிறை! 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இலங்கைத் தோட்டத் தொழிலாளிக்கு வழங்கிய நீதி இது. ஒப்பந்தம் மீறிய வணிகன் நட்டஈடு கட்டினால் போதும். கூலியாளோ கம்பி எண்ண வேண்டும். பழைய தோட்டத்தின் துண்டின்றிப் புதிய தோட்டத்தில் பெயர் பதியவும் வழியில்லை. 1921இல் துண்டு முறை ஒழிந்தது. ஆயினும் பெரகலவிலும் அப்புத்தளையிலும் பதுளையிலும் வாழும் நம்மவர் அதனை எளிதில் மறப்பாரோ?

கடலிலும் இதே நீதிதான் நிலவியது. 1894ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் கப்பற் சட்டம், கப்பலை விட்டோடிய மாலுமிக்குப் பிரித்தானியாவுக்கு வெளியே 12 வாரம் வரை சிறை விதித்தது. தாய்நாட்டில் குற்றமாகாதது பிற நாட்டில் மட்டும் குற்றமாயிற்று! அமெரிக்கா 1915இல் இத்தகைய சிறைத்தண்டனையை நீக்கியது.

நடுக்கடலில் புயல் மூளும்போது தலைவனின் கட்டளைக்கு அனைவரும் பணிய வேண்டும், இதை மறுப்பாரில்லை. ஆனால், கப்பலைக் காக்கும் கட்டுப்பாடு வேறு. சம்பளம் கேட்பவனின் வாயைக் கட்டும் கட்டுப்பாடு வேறு.

2024 மார்ச் 26இல் ‘டாலி’ கப்பல் அமெரிக்காவின் பால்டிமோர் பாலத்தில் மோதியது. பாலத்தில் பணிபுரிந்த அறுவர் மாண்டனர். மாலுமிகள் 21 பேரில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். விசாரணை அவசியமே. ஆயினும், குற்றஞ்சாட்டப்படாத மாலுமிகள் வாரக்கணக்கில் கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்தனர், கைத்தொலைபேசிகளும் கைப்பற்றப்பட்டன. குடும்பத்தாரோடு பேசும் வழியை அடைப்பது எந்த நீதி?

இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தைப் படித்து ஆலோசனை பெறும் உரிமையை மாலுமிக்கு அளிக்கிறது. முறையிட்டவனைப் பழிவாங்குவதைத் தடுக்கிறது. வேலைச் சான்றில் அவன் வேலைத்திறம் பற்றியோ சம்பளம் பற்றியோ எழுதலாகாது என்கிறது. இரண்டு மாதச் சம்பளம் கிடைக்காவிடில் அவனைக் கைவிடப்பட்டவனாகக் கருதுகிறது.

நல்ல சட்டந்தான். ஆனால் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால், ஆங்கிலம் அறியாதவனுக்குப் ‘படித்தறியும் உரிமை’யால் பயனென்ன? தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. கப்பலேறும் ஒவ்வொரு தமிழ் இளைஞனுக்கும் ஒப்பந்தமும் முறையீட்டு விதிகளும் தமிழில் வழங்கப்படல் வேண்டும். அதனை அரசு கட்டாயமாக்கட்டும். அதுவரை, புரியாத தாளில் கையொப்பமிட வேண்டாமென நம் இளைஞர்க்கு எடுத்துரைப்பது, சட்டமறிந்தோர் அனைவரின் கடமையாகும். புரியாத தாளில் பெருவிரல் பதித்து நம் முன்னோர் பட்ட துயர் போதும்!