தோண்டும் முன் கணக்குப் பார்ப்போம்



இருப்பைப் பார்க்காமல் சரக்கு வாங்கும் வியாபாரி நம்மில் எவரும் இல்லை. கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது, பண்டிகைக்கு எவ்வளவு போகும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகே கொள்முதலுக்குப் பணம் அனுப்புகிறோம். ஆனால் நமது தெருவைத் தோண்டிக் குழாய் புதைக்கும்போதும் கால்வாய் கட்டும்போதும், "இதற்குக் கணக்கு எங்கே?" என்று நாம் கேட்டதுண்டா?

கணக்கில்லாத வேலையின் பலனை நாம் அனுபவித்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நமது கிடங்கு இருக்கும் தெருவில் சாலையை உயர்த்தினார்கள். கால்வாயின் மட்டமும் கூடவே உயர்ந்தது. கடைகளின் தரை மட்டும் பழைய பள்ளத்திலேயே நின்றது. அந்த ஐப்பசி மழையில் ஒரே இரவில் கிடங்குக்குள் முழங்கால் அளவு நீர். அடி வரிசை அரிசி மூட்டைகள் அத்தனையும் வீண். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று முன்கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

இன்று அதைப் பார்க்க வழி இருக்கிறது. ஊரின் படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, ஒவ்வொரு தெருவின் மேடு பள்ளம், குழாயின் நீளம், விட்டம், மக்களின் தேவை ஆகியவற்றைக் கொடுத்தால், எந்தத் தெருவுக்கு நீர் வேகமாக வரும், எந்த மேட்டுக்கு ஏறாது என்று அது சொல்லிவிடும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை 1993-இல் வெளியிட்ட 'ஈபாநெட்' இந்த வேலையைச் செய்கிறது. மழைநீருக்கும் சாக்கடைக்கும் அதே துறையின் 'எஸ்.டபிள்யூ.எம்.எம்.' 1971 முதல் உண்டு. நமது நாட்டிலேயே மும்பை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'ஜல்தந்த்ரா', குறைந்த செலவில் எந்த அளவுக் குழாய் போடலாம் என்று கணக்கிட்டுத் தருகிறது. மூன்றுமே இலவசம். செலவும் உழைப்பும் சரியான அளவுகளைச் சேகரிப்பதில்தான்.

சென்னையைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வியாபாரிகள் இழந்த சரக்குக்கு அளவில்லை. அதன் பிறகு, தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 'சி-ஃப்ளோஸ்' என்ற வெள்ள எச்சரிக்கை முறையை 2019-இல் கொண்டுவந்தது. இவ்வளவு மழை பெய்தால் இந்த வார்டில் இவ்வளவு நீர் நிற்கும் என்று படம் போட்டுக் காட்டுவது அது. பட்ட பிறகு வந்த புத்தி. நாம் படுவதற்கு முன்பே கேட்கலாமே?

நமது திருத்தணிக்கு இது மற்ற ஊர்களைவிட அதிகம் தேவை. 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை ஏறக்குறைய 45,000. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் கையேடு சொல்லும் அளவு. அதன்படி சுமார் 61 லட்சம் லிட்டர் வேண்டும். அதில் 80 சதவீதம், அதாவது 49 லட்சம் லிட்டர், கழிவுநீராகத் திரும்பும்.

ஆனால் இந்தக் கணக்கில் முருகன் இல்லை! ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் வருவோர் லட்சக்கணக்கில். மூன்று லட்சம் பேர் வந்து, குடிக்கவும் கை கால் கழுவவும் தலைக்குப் பத்தே லிட்டர் செலவழித்தால், ஒரே நாளில் 30 லட்சம் லிட்டர் கூடுதல். மக்கள்தொகையை மட்டும் வைத்துக் கட்டிய கால்வாய் அன்று தெருவில் வழியத்தான் செய்யும். குப்பை வண்டிகளின் எண்ணிக்கையும் இப்படியே.

திருவிழாக் கூட்டத்தின் அளவு எங்கே கிடைக்கும்? நமது பேரேட்டில் கிடைக்கும். ஆடியில் எத்தனை கேன் தண்ணீர் விற்றது, எத்தனை கட்டு இலை போயிற்று, எத்தனை மூட்டை கற்பூரமும் பொரியும் இறக்கினோம் என்பது நமக்குத்தான் தெரியும். எந்தத் தெருவில் எந்த நேரம் கூட்டம் நெருக்கும், மழையில் எந்தக் கடை வாசலில் முதலில் நீர் ஏறும் என்பதும் நமக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டரும் ஒரு கணக்குப்பிள்ளை போன்றதே. தப்பான தொகையைக் கொடுத்தால் தப்பான மொத்தத்தையே போட்டுத் தரும்.

இங்கே நமது குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் இரண்டு அடிக் கால்வாயை இரண்டு அடி என்றே எண்ணும். நாம் அதன்மேல் சிலாப் போட்டுப் படிக்கட்டு கட்டி, உள்ளே பிளாஸ்டிக் உறையும் அழுகிய காயும் தள்ளி அரையடி ஆக்கிவிட்டால், எந்தக் கணக்கும் பலிக்காது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை உள்ளது. ஆனாலும் அது நமது கல்லாவுக்குக் கீழிருந்துதானே போகிறது? நந்தியாறு கொசஸ்தலையாற்றில் கலக்கிறது. அந்த நீர் பூண்டிக்குப் போகிறது. நாம் சாக்கடையில் விடுவதைச் சென்னையில் உள்ள நமது உறவினர்தான் குடிக்க நேரும்.

ஆகவே நாம் மூன்று காரியம் செய்வோம். ஒன்று, குழாயோ கால்வாயோ எந்த வேலை வந்தாலும், திருவிழா நாளையும் பெருமழையையும் சேர்த்துப் போட்ட கம்ப்யூட்டர் கணக்கைத் தோண்டும் முன் வணிகர்களுக்குக் காட்டும்படி நகராட்சியைக் கேட்போம். இரண்டு, நமது கடைகளின் திருவிழாக் கால விற்பனை அளவைச் சங்கத்தின் மூலம் தொகுத்து நாமே கொடுப்போம். மூன்று, கால்வாய்மேல் நாம் போட்ட சிலாப்பை நாமே எடுப்போம். மூன்றாவதைச் செய்யாமல் முதலாவதைக் கேட்க நமக்கு வாய் இருக்காது.

தெரு ஆறு மாதம் தோண்டிக் கிடந்தால் நஷ்டம் நமக்கு. மறுபடி தோண்டினால் இரட்டை நஷ்டம். ஒருமுறை தோண்டி, ஒழுங்காக மூடட்டும். அதற்கு வேண்டிய கணக்கு நம் கையில் இருக்கிறது; கொடுக்க முன்வருவோம்.