‘த’ அடித்தால் ‘ப’ விழுவது ஏன்?

வயர் இல்லாத கீபோர்டு இன்று பல வீடுகளில் இருக்கிறது. மேஜையில் வைத்து அடிக்கலாம். மடியில் வைத்தும் அடிக்கலாம். வசதிதான்!

ஆனால் திடீரென்று ஒரு நாள் வம்பு தொடங்குகிறது. ‘த’ அடித்தால் ‘ப’ விழுகிறது. ‘பல’ என்று அடித்தால் ‘எள’ என்று வருகிறது!

“கீபோர்டு கெட்டுவிட்டது. வேறு வாங்க வேண்டியதுதான்” என்கிறார் அப்பா. “வயர் இல்லாததை வாங்காதே என்று அன்றைக்கே சொன்னேனே!” என்கிறார் பாட்டி.

இரண்டும் சரியல்ல. பெரும்பாலும் கீபோர்டு கெடுவதில்லை. எந்தப் பட்டனுக்கு எந்த எழுத்து என்பதில் நமக்குள் ஒற்றுமை இல்லை. வம்புக்குக் காரணம் அதுதான்.

பட்டனுக்கு எழுத்துத் தெரியாது!

கீபோர்டில் உள்ள பட்டனுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓர் எண் மட்டுமே. ஆங்கிலத்தில் ‘ஜே’ என்று போட்டிருக்கும் பட்டனின் எண் 13. அதை அழுத்தினால், “13 அழுத்தப்பட்டது” என்ற செய்தி கம்ப்யூட்டருக்குப் போகும். அந்த 13-க்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர்தான்.

கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் இருந்தால் ‘ஜே’ விழும். பழைய டைப்ரைட்டர் முறையில் இருந்தால் ‘த’ விழும். ‘தமிழ்99’ முறையில் இருந்தால் ‘ப’ விழும். ஆங்கில உச்சரிப்பை வைத்து அடிக்கும் ‘அஞ்சல்’ முறையில் இருந்தால் ‘ஜ’ விழும்.

பட்டன் ஒன்று, எழுத்து நாலு!

ஆகவே, எல்லா எழுத்தும் மாறி விழுந்தால், யாரோ முறையை மாற்றிவிட்டார்கள் என்று பொருள். குழந்தை தட்டியிருக்கலாம். நாமே கைதவறி அழுத்தியிருக்கலாம். விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டு, கீழே இருக்கும் நீளப் பட்டனைத் தட்டினால் முறை மாறும். இப்போது எந்த மொழி என்பதைத் திரையின் வலது கீழ் மூலையில் பார்க்கலாம்.

நம் குமரி மாவட்டத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. களியக்காவிளைப் பக்கம் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் மூன்று மொழியும் வரிசையாகக் காத்திருக்கும். ஒரு தட்டு அதிகமானால் மொழியே மாறிவிடும்!

வயர் இல்லாததுதான் காரணமா?

இல்லை. இந்தக் கீபோர்டு வானொலி அலையில் பேசுகிறது. செய்தி வழியில் கெட்டுப்போனால், கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் சிறிய ரிசீவர் அதைத் தள்ளிவிடும். அதனால் எழுத்து விட்டுப்போகலாம். ஒரே எழுத்து பல தடவை விழலாம். ‘த’ ஒவ்வொரு தடவையும் ‘ப’ ஆவதற்கு அலை காரணம் அல்ல.

எழுத்து விட்டுப்போனால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு ரிசீவரை, கீபோர்டுக்குப் பக்கமாக உள்ள வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

இன்னும் சில அடையாளங்கள்:

யு, ஐ, ஓ என்று அடித்தால் 4, 5, 6 விழுகிறதா? ‘நம் லாக்’ பட்டன் போடப்பட்டிருக்கிறது. அதை மறுபடி அழுத்துங்கள்.

மின்னஞ்சல் முகவரியில் வரும் ‘அட்’ குறிக்குப் பதில் மேற்கோள் குறி விழுகிறதா? அமெரிக்க முறைக்குப் பதில் இங்கிலாந்து முறை வந்துவிட்டது.

ஒன்றிரண்டு பட்டன் மட்டும் தகராறு செய்கிறதா? காப்பி சிந்தியிருக்கலாம். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் பகை.

எதுவும் புரியவில்லையா? கீபோர்டை வேறு ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கே சரியாக அடித்தால் கீபோர்டு நிரபராதி!

வள்ளி ‘வல்லி’ ஆனால்?

இது வெறும் விளையாட்டு அல்ல. எல்லாம் மாறி விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம். ஓர் எழுத்து மட்டும் மாறினால்தான் ஆபத்து.

‘அஞ்சல்’ முறையில் ‘ள’ அடிக்க ‘ஷிப்ட்’ பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். ‘ஷிப்ட்’ சரியாக அமுங்காவிட்டால் ‘ல’ விழும். வள்ளி ‘வல்லி’ ஆகிவிடுவாள்! பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்றால் என்ன ஆகும்? அந்தப் பெண்ணின் குடும்பம் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். கூலியும் போகும், பஸ் காசும் போகும்.

வழி இல்லையா?

இருக்கிறது. தமிழ் டைப்ரைட்டருக்கு முன்னோடி, யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர்.முத்தையா. டைப்ரைட்டிங் பள்ளியில் ‘ய, ள, ன, க’ என்று முதல் பாடம் படித்தவர்கள் நம் ஊரில் ஏராளம். கம்ப்யூட்டர் வந்தபின் ஆளுக்கு ஒரு முறை முளைத்தது. அதைச் சீர்ப்படுத்த 1999-ல் சென்னையில் மாநாடு கூடியது. ‘தமிழ்99’ முறையைத் தமிழக அரசு ஏற்றது.

2010-ல் ‘ஒருங்குறி’யையும் அரசு ஏற்றது. அதன்படி ‘க’ எழுத்தின் எண் 2965. நாகர்கோவிலிலும் அதே எண். லண்டனிலும் அதே எண். முன்பு ‘பாமினி’ எழுத்துருவில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், ‘தமிழ்’ இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். ஒருங்குறியில் அந்தத் தொல்லை இல்லை.

எழுத்தின் எண்ணில் ஒற்றுமை வந்துவிட்டது. பட்டனில் மட்டும் இன்னும் வரவில்லை!

பழைய முறையில் பழகிய கையை உடனே மாற்றச் சொல்வது நியாயம் அல்ல. ஆனால் புதிதாகப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ‘தமிழ்99’ சொல்லித்தர வேண்டும். சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பம் அடிக்கும் ஒவ்வொரு இடத்திலும், “இங்கே இன்ன முறை” என்று கீபோர்டில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். அதற்கு என்ன பெரிய செலவு? அடித்ததை அனுப்புமுன், பெயருக்கு உரியவரிடம் காட்டிப் படிக்கச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்ட வேண்டும்.

தமிழ் பேசும் ஊர்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று 1954-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடி பட்டு உயிர் கொடுத்தார்கள். 1956 நவம்பர் 1-ந் தேதி குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. அவ்வளவு பாடுபட்டு வந்த மாவட்டத்தில், ஒரு பெண்ணின் பெயரைத் தமிழில் பிழை இல்லாமல் அடித்துக் கொடுக்க முடியாதா?

முடியும். புதிய கீபோர்டு வேண்டாம். கொஞ்சம் ஒழுங்கு போதும்!