மாடம் எவருடையது? பெயர் எவருடையது?



மதுரையினின்று சென்னை செல்வோர் அண்ணா சாலையிற் கண்டு வியக்கும் பன்மாடக் கட்டடத்தை எழுப்பத் தொடங்கியவர் எவர்? நம் மதுரைக்கு அண்மையிலுள்ள செட்டிநாட்டுச் சிதம்பரம் செட்டியார்! தம் யுனைடெட் இந்தியா வாழ்நாள் காப்பீட்டு நிறுவனத்திற்கென 1953-இல் அவர் தொடங்கிய பணி அது. 1954-இல் சிங்கப்பூரில் நேர்ந்த வானூர்தி நேர்ச்சியில் அவர் மாய்ந்தார். 1956-இல் நடுவணரசு வாழ்நாள் காப்பீட்டுத் தொழிலை நாட்டுடைமையாக்கிற்று; முற்றுப்பெறாக் கட்டடமும் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட கழகத்தின் கைக்குப் போயிற்று. 1959-இல் அதனைத் திறந்துவைத்தவரோ நடுவணமைச்சர் மொரார்சி தேசாய்!

நாட்டுடைமையை யாம் பழித்தோமல்லேம். ஏழையின் சிறுவாட்டுப் பணம் காக்கப்பட வேண்டுவதே. ஆயின், 2022-இல் கழகத்தின் பங்குகளுள் நூற்றுக்கு மூன்றரை சந்தையில் விலை போயின. எஞ்சியவை தில்லியின் கையில் நின்றன. இதில் தமிழனுக்கு எஞ்சியது யாது? தொடங்கிய தமிழனின் பெயரும் மக்கள் நாவில் இல்லை. தமிழ்ப் பெயரும் இல்லை. 'எல்.ஐ.சி.' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளே நிலைத்தன. 2019-இல் அவ்விடத்தே திறந்த மாநகரத் தொடர்வண்டி நிலையத்திற்கும் அவையே பெயராயின!

இஃது தில்லி செய்த தீங்கு மட்டுமன்று. நம் நாவே செய்த தீங்கு. 'ஆயுள்' வடசொல், 'வாழ்நாள்' நம் சொல். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைக் கோபுரமென்றே வழங்கும் நாம், இதனை 'வாழ்நாள் காப்பீட்டு மாடம்' என வழங்க ஏன் கூசுகின்றோம்? உடைமையை மீட்கச் சட்டம் வேண்டும். பெயரை மீட்க நாவே போதும். இன்றே தொடங்குக!