இரத்தம் கொறச்சலாம்!

“ஒனக்கு ரத்தமே இல்ல. ஈரல் தின்னு, பேரீச்சம்பழம் தின்னு, கீரை தின்னு. ஒங்க சனத்துக்கு எத்தன தரஞ் சொன்னாலும் புத்தி வராது.”

மூணாவது புள்ளையச் சுமந்துக்கிட்டுப் போனப்ப ஒரு ஆசுபத்திரியில் எனக்குக் கிடைத்த வைத்தியம் இது. சீட்டைக் கையில் தரவில்லை, மேசையில் வீசினார்கள். பொறுக்கிக்கொண்டு வந்தேன். சத்திரப்பட்டித் தறியில் பேண்டேஜ் துணி நெய்த கை இது. துணி எவன் புண்ணிலும் படலாம். நெய்தவள் கை பட்டால் மட்டும் தீட்டு!

நம்ம பொம்பளைகளுக்கு இரத்தம் குறைவது புத்தியில்லாமலா? தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 99க்கு மேல் ஆசுபத்திரியில்தான் நடக்கிறது. இதைச் சொல்கிற 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பே கர்ப்பிணிகளில் 100க்கு 48 பேருக்கு இரத்தசோகை என்றும் சொல்கிறது. நாங்க வரத்தான் செய்கிறோம். எங்க வீட்டுக்கு வராதது சோறும் கறியும்.

எங்களைவிடக் கேடு பளியர் பெண்களுக்கு. இராசபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில். ஊர்க்காரர்கள் ஆற்றில் குளித்து, சாமி கும்பிட்டுத் திரும்புகிற இடம். அந்த மலையடியில்தான் பளியர் குடியிருப்பு. காட்டு வள்ளிக்கிழங்கும் தேனும் அவர்கள் தலைமுறைச் சாப்பாடு. 1988ல் அந்த மலைக்காடு சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது; 2021ல் புலிகள் காப்பகம். அணிலும் புலியும் நல்லா வாழட்டும். காட்டுப் பொருள் எடுக்கிற உரிமையை 2006 வன உரிமைச் சட்டமும் கொடுத்திருக்கிறது. ஆனால் கிழங்கு தோண்டப் போகிறவளைத் திருடியாகப் பார்த்துவிட்டு, “சத்தா சாப்பிடு” என்பது என்ன ஞாயம்?

முத்துலட்சுமி ரெட்டி பேரில் அரசாங்கம் 18,000 ரூபாய் உதவி வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் முதல் ரெண்டு பேறோடு சரி. ஒவ்வொரு பேறும் உடம்பிலிருக்கிற இரும்புச்சத்தை உறிஞ்சும். மூணாவதுக்குத்தான் கூடுதலாக வேண்டும். அங்கேதான் கையை விரிக்கிறார்கள். மூணாவது புள்ளைய அவ மட்டுமா முடிவு பண்ணுனா? தண்டனை மட்டும் அவ வயித்துக்கா?

இரத்தம் ஏற்றியாவது காப்பாற்றினார்களா? நம்ம மாவட்டத்துச் சாத்தூரில் 2018 டிசம்பரில் சோகையோடு போன கர்ப்பிணிக்கு அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. கலந்த இரத்தத்தை ஏற்றினார்கள். அது சிவகாசி அரசு இரத்த வங்கியிலிருந்து வந்தது. அந்தப் பெண்ணுக்கு எந்தப் புத்தி இல்லாமல் போனது? சொன்ன இடத்துக்குப் போனாள், சொன்னபடி கையை நீட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

தாய்மாரே, நாம செய்ய வேண்டியதைச் செய்வோம். மூணு மாசத்துக்குள் பதிந்துவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை விடாதீர்கள், டீத்தண்ணியோடு முழுங்காதீர்கள், வெளிக்குக் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள். இரத்த அளவு எத்தனை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 11க்குக் கீழே சோகை, 7க்குக் கீழே உயிருக்கு ஆபத்து. கேட்கக் கூச்சப்படாதீர்கள். அது நம்ம இரத்தம்.

மூணாவது பேறுக்கும் சத்துப்பொருள், சோதித்த இரத்தம், தொட்டுப் பார்க்கிற வைத்தியம் — இது நீங்கள் செய்ய வேண்டியது. கீரை தின்ன எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஒங்க தோட்டத்துக் கீரையைக் குனிந்து பறித்துப் போடுகிறவளே நாங்கதான்.