புதிய கைநாட்டுகள்

"இன்றைய கணினி யுகத்தில்..." என்று கட்டுரையைத் தொடங்கினால் பத்துக்கு ஏழு மதிப்பெண் நிச்சயம் என்பது பள்ளிக்கூடத்தில் எங்கள் அனுபவம். இப்போது நான் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்காகச் சில மாதங்கள் கோவில்பட்டிப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்வந்தேன். அந்தக் கணினி யுகம் நம் ஊருக்கு எந்த வழியாக வந்து சேர்ந்திருக்கிறது என்பதை அங்கேதான் பார்த்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா பம்பாயில் வேலை பார்த்த காலத்தில் மாதம் ஒரு மணியார்டரும் ஒரு இன்லண்டு கடிதமும் வருமாம். கைநாட்டு வைத்துப் பணத்தை வாங்கிக்கொள்வாள். கடிதத்தைப் படித்துச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டும். பதில் எழுதித் தருவதும் அவனேதான். "அவன் முன்னால சொல்ல முடியாதத எல்லாம் நான் எழுதவே இல்லடா" என்று ஒருமுறை ஆச்சி சொன்னாள். எழுத்தறிவு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை எங்கள் பி.எட். பாடப்புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. அடுத்தவன் கண்ணால் படித்து, அடுத்தவன் கையால் எழுதி வாழ்ந்தால், நம் வாழ்க்கையில் ஒரு பகுதி எப்போதும் அடுத்தவனிடமே இருக்கும்.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

நான் பயிற்சிக்குப் போன சமயம், பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி அழுதுகொண்டே கணக்கு டீச்சரைப் பார்க்க வந்தாள். நல்ல மதிப்பெண். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். தமிழ்நாட்டில் 2018 முதல் இந்தக் கலந்தாய்வு முழுவதும் இணையத்தில்தான் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளையும் பெற்றோரும் பஸ் ஏறிச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் இவளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அண்ணாச்சி. விண்ணப்பத்தில் கொடுத்திருந்த செல்போன் நம்பர் அவருடையது. மின்னஞ்சலும் அவருடையது. கடவுச்சொல் அவருடைய நோட்டுப் புத்தகத்தில். எந்தக் கல்லூரி முதலில், எது அடுத்தது என்று வரிசை போட்டவரும் அவரே. அந்த வரிசைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பதே இவளுக்குத் தெரியாது!

இடம் ஒதுக்கீடு ஆகியிருக்கிறது. குறிப்பிட்ட நாளுக்குள் உள்ளே போய் அதை உறுதி செய்ய வேண்டும் என்ற குறுஞ்செய்தி அண்ணாச்சியின் போனுக்குப் போயிருக்கிறது. அவர் மச்சினன் கல்யாணத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தபோது நாள் கடந்துவிட்டது. இடம் போய்விட்டது. அவ்வளவுதான் கதை.

அண்ணாச்சி மோசமானவர் இல்லை. ஐம்பது ரூபாய்க்கு இத்தனை பேருக்கு வேலை செய்து தருகிற மனிதர். நூறு பேருடைய கடவுச்சொல்லை ஒரு நோட்டில் வைத்துக்கொண்டு ஒருத்தர் எத்தனை பேருடைய வாழ்க்கையைத்தான் ஞாபகம் வைத்திருக்க முடியும்?

எனக்கு உறைத்தது அடுத்து நடந்த விஷயம். "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று டீச்சர் கேட்டார். அந்தப் பெண், "நீங்கதான டீச்சர் அந்தக் கடைக்குப் போகச் சொன்னீங்க?" என்றாள். டீச்சர் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், "நானும் என் வேலை எல்லாத்தையும் அவருகிட்டதான் தம்பி குடுக்குறேன். என் பாஸ்வேர்டும் அந்த நோட்டுலதான் இருக்கு" என்றார். இருபத்தைந்து வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். நுண்கணிதத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. மாணவியும் ஆசிரியையும் ஒரே நோட்டில், அடுத்தடுத்த பக்கத்தில்!

டிஜிட்டல் எழுத்தறிவு என்று சொன்னால் நாம் உடனே கருவியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். கருவி முக்கியம்தான். 2017-18 இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் நூற்றுக்கு 4.4 வீடுகளில்தான் கணினி இருந்தது. நகரங்களில் 23.4. நம் மாநிலத்தில் 2011 செப்டம்பரில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் லட்சக்கணக்கானோருக்கு மடிக்கணினி கிடைத்தது. என் அண்ணனுக்கும் கிடைத்தது. எங்கள் தெருவிலேயே முதல் கணினி அதுதான். (அதில் அவன் அதிகம் பார்த்தது சினிமா. ஆனால் எக்செல் கற்றுக்கொண்டதும் அதில்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.) பிறகு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. நான் போன பள்ளியிலும் ஒன்று இருந்தது. தேர்வு நடத்தவும் விவரங்களைப் பதிவேற்றவும் திறப்பார்கள். மற்ற நாளில் பூட்டு. ஏதாவது பழுதானால் யார் பதில் சொல்வது என்ற பயம்.

இன்னொரு பக்கம், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும் சார், நமக்குத்தான் ஒன்றும் தெரியாது" என்று ஆசிரியர் அறையில் தினமும் கேட்கலாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பதினோராம் வகுப்புப் பையன்கள் அரை மணி நேரத்தில் ரீல்ஸ் வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துவிடுகிறார்கள், உண்மை. ஆனால் ஒரு கோப்பை இணைத்து மின்னஞ்சல் அனுப்பச் சொன்னால் விழிக்கிறார்கள். கூகுளில் தேடினால் மேலே வருவதில் எது விளம்பரம், எது தேடலுக்கான விடை என்று கேட்டேன். "முதல்ல வர்றதுதான் சார் சரியானது" என்று ஒருவன் சொன்னான், வகுப்பே தலையாட்டியது. வாடிக்கையாளர் சேவை எண் என்று கூகுளில் தேடி, மோசடிக்காரன் போட்டு வைத்த எண்ணுக்குப் பேசிப் பணத்தை இழப்பவர்கள் இப்படித்தான் மாட்டுகிறார்கள். அந்த வகுப்பிலேயே ஒருவனுடைய அப்பாவுக்கு அது நடந்திருந்தது. பணம் போனவுடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. விரல் வேகமாக ஓடுவது வேறு, விவரம் தெரிந்திருப்பது வேறு.

ஆசிரியர்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? யுனெஸ்கோ நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று அறிவித்துவிட்டது என்ற பழைய புரளி, அந்தப் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் இருந்தபோதே ஒருமுறை வந்து போனது. அடுத்த நாள் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அது 'இன்றைய தகவல்' ஆகிவிட்டது! அறுநூறு பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பயிற்சி ஆசிரியன் வேறென்ன செய்ய முடியும்?

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். எல்லாப் புரளியும் அப்படி இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மா, வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்காக ஊரார் அவரைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் அப்போது செய்திகள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு இந்தியாவில் பல இடங்களில் சுற்றிய ஒரு வீடியோ, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் தூக்கிப் போனவரே திருப்பிக் கொண்டுவந்து விடுகிற கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். முழுப் படத்தையும் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்று நமக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

அதே 2018 இல், பக்கத்து மாநிலமான கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், கலெக்டராக இருந்த மீர் முகமது அலி 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் வகுப்பைச் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் நடத்த ஏற்பாடு செய்தார். முந்தைய ஆண்டு தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட வந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பெற்றோர்கள் தயங்கியதுதான் இதற்கு ஒரு காரணம். அந்தத் தடுப்பூசி வதந்தி தமிழ்நாட்டிலும்தான் பரவியது. நாம் மறுப்பு அறிக்கை விட்டோம். அவர்கள் அதைப் பாடமாக்கினார்கள்.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர். இவர்களிடம் குழந்தை மருத்துவர்களின் இரண்டு சங்கத் தளங்களைக் காட்டி எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930 முதல் இயங்கும் பெரிய அமைப்பு. மற்றது 2002 இல் தனியே தொடங்கிய, ஒரு குறிப்பிட்ட கொள்கைப் பிடிப்புள்ள சிறிய குழு. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். வரலாற்றாளர்களிலேயே பலர் தடுமாறினார்கள், மாணவர்களைக் கேட்கவே வேண்டாம். அவர்கள் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழாகக் கவனமாகப் படித்தார்கள். எழுத்து அழகாக இருக்கிறதா, அடிக்குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். சரிபார்ப்பவர்களோ அந்தப் பக்கத்தில் நிற்கவே இல்லை. வேறொரு பக்கத்தைத் திறந்து, 'இவர்கள் யார்?' என்று வெளியே விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பெண் பார்க்கப் போகும்முன் நம் ஊரில் பக்கத்துத் தெருவில் விசாரிப்பார்களே, அதேதான்! நமக்குப் புதிய பழக்கம் இல்லை. இணையத்தில் மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு இது இன்னும் சிக்கலாகிவிட்டது. பையன் அதில் கேட்டு வீட்டுப்பாடம் எழுதி வருகிறான், எழுத்துப்பிழைகூட இல்லாததால் ஆசிரியர் முழு மதிப்பெண் போடுகிறார். அது சில சமயம் இல்லாத நூலையும் இருப்பதாகச் சொல்லும் என்பது இருவருக்கும் தெரியாது. வேண்டாம் என்று தடுத்தால் ஒளிந்து பயன்படுத்துவான். உட்காரவைத்து இருவருமாகச் சரிபார்ப்பதுதான் வழி என்று எனக்குப் படுகிறது.

ஆனால் 'இருவருமாக' என்ற இடத்தில்தான் நம் ஊரில் தடங்கல். தெரியாது என்று ஒப்புக்கொண்டால் வகுப்பில் மரியாதை போய்விடும் என்று ஆசிரியர் பயப்படுகிறார். ஆசிரியருக்குத் தெரியாததைத் தான் சொன்னால் அதிகப்பிரசங்கி என்பார்களோ என்று மாணவன் பயப்படுகிறான். நடுவில் அண்ணாச்சி கடை நன்றாக ஓடுகிறது. இதற்காகத் தனிப் பாடமும் தனித் தேர்வும் வைத்தால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆய்வகத்தை வாரம் ஒரு பாடவேளை திறந்துவிட்டு, ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும் என்பேன். சொந்தமாக ஒரு மின்னஞ்சல், சொந்தமாக ஒரு கடவுச்சொல், தமிழில் தட்டச்சு, வந்த செய்தி உண்மையா என்று பார்ப்பது. இதற்குமேல் முதல் வருடத்தில் எனக்கு ஆசை இல்லை.

பயிற்சி முடிவதற்குள் அந்த மாணவி இன்னொரு முறை பள்ளிக்கு வந்தாள். பக்கத்திலிருக்கும் கலைக் கல்லூரியில் கணிதம் சேர்ந்துவிட்டாள். அன்று மதியம் ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லி, மூன்று பேரும் உட்கார்ந்தோம். தன் அப்பா போன் நம்பரை வைத்து மின்னஞ்சல் தொடங்கினாள். கடவுச்சொல் போடும்போது என்னைத் திரும்பிப் பார்க்கச் சொல்லிவிட்டாள்! பிறகு டீச்சருடைய பழைய கடவுச்சொல்லை மாற்ற அவள்தான் உதவினாள். "இத எப்படிம்மா ஞாபகம் வச்சுக்கிறது?" என்று டீச்சர் கேட்டு, கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்து மணிபர்சுக்குள் வைத்துக்கொண்டார். அப்படி எழுதி வைக்கக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். நோட்டில் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று விட்டுவிட்டேன்.