இழையம் இருக்கத் 'திசு' எதற்கு?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதனிடுவதில் தேர்ந்த கைகள், மயிர் நீக்கிய தோலைக் கண்டு அது வெள்ளாட்டினதா செம்மறியினதா என்று கூறிவிடும். தோலில் எஞ்சி நிற்கும் மயிர்க்கால் துளைகளின் ஒழுங்கே அதற்குச் சான்று. அவ்வொழுங்கு அமைந்தது தாயாட்டின் கருப்பையில், கண்ணறைகள் ஒன்றோடொன்று உரையாடிய நாள்களில்!

கருவில் புறத்தோலும் அடித்தோலும் தனித்தனியே வளர்வன அல்ல. ஒன்று வேதிக்குறிப்பை விடுக்கும். மற்றது அதற்கு விடையிறுக்கும். அவ்விடையால் கண்ணறைகள் திரளும். மீண்டும் குறிப்பு எழும். மயிர்க்கால் இவ்வாறே உருக்கொள்கின்றது. 1954-இல் கெய்ர்ன்சு, சாண்டர்சு என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், கோழிக்கருவின் தொடை அடித்திசையைச் சிறகின் புறத்தோலுக்கு அடியில் பதித்தனர். சிறகில் காலிறகு முளைத்தது. 1970-களில் பிரான்சு நாட்டில் எலியின் அடித்தோலோடு கோழியின் புறத்தோலைச் சேர்த்து வளர்த்தனர். எழுந்தவை இறகரும்புகள், அவை நின்ற ஒழுங்கோ எலியினுடையது. கட்டளை அடித்தோலுடையது; அதை நிறைவேற்றும் முறை புறத்தோலுடையது.

சுண்ணாம்புக் குழியில் மயிரும் புறத்தோலும் கழன்றபின் எஞ்சுவது அவ்வடித்தோலே. நார்க்கண்ணறைகள் நெய்த கொலாசன் இழைகளின் பின்னல் அது. அன்று ஆவாரம்பட்டையும் இன்று குரோமிய உப்பும் இறுகப் பிணைப்பது அவ்விழைகளைத்தான். கொலாசனின் மூவிழை அமைப்பை 1954-இலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் உலகுக்கு முன்வைத்தனர்.

இத்தனைக்கும் பின், ஆம்பூர்த் தொழிலாளியின் மகன் பள்ளியில் படிப்பது 'திசு'! நெய்த துணி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது அது. அவர்கள் தம் மொழியில் கண்டதைச் சொன்னார்கள். இங்கே பொருளை விட்டு ஒலியை மட்டும் கடன் வாங்கினார்கள். தந்தை நாள்தோறும் கையாளும் இழைப்பின்னலுக்கும் மகன் உருப்போடும் சொல்லுக்கும் உறவே இல்லாமற் போயிற்று. 'செல்' என்பதோ போ என்று ஏவுகிறது!

ஈழத்துப் பாடநூல்கள் 'இழையம்' என்றும் 'கலம்' என்றுமே எழுதுகின்றன. அவற்றைப் படித்தோர் மருத்துவராகவும் விளங்குகின்றனர். இங்குள்ளோர் தமிழ்ச்சொல் 'கடினம்' என்கின்றனர். அந்தக் 'கடினம்' வடசொல் என்பதையும் அவர்கள் அறியார்.